சுழலும் சக்கரத்துக்கு ஒரு முட்டுக்கட்டை

"காலை எடுக்காதீங்க தம்பி, அப்படியே பிடிங்க."

சக்லேஷ்பூர் பக்கத்தில் ஒரு காபித் தோட்டத்துப் பாதை. தோட்டக்காரரிடம் கேட்டுக்கொண்டுதான் உள்ளே போயிருந்தோம். முந்தைய நாள் மழையில் பாதையின் குறுக்கே ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அதைக் கோணலாகக் கடக்கப்போய், வண்டியின் முன் இடது சக்கரமும் பின் வலது சக்கரமும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்பிவிட்டன. மற்ற இரண்டும் ஈரச் செம்மண்ணில் அப்படியே நின்றன. ஓட்டியவர் என் அலுவலக நண்பர். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் அந்தரத்தில் நின்ற சக்கரங்கள் விர்ரென்று சுற்றின. பயந்து காலை எடுத்தார். மூன்று தடவை இதேதான் நடந்தது.

ஸ்ரீராமபுரத்தில் பட்டறை வைத்திருக்கும் மேஸ்திரி அண்ணன் எங்களோடு வந்திருந்தார். பெங்களூரில் பிறந்து வளர்ந்த தமிழர், ஜீப் வேலையிலேயே முடி நரைத்தவர். அவர் கீழே நின்றுகொண்டு சொன்னதுதான் அந்த முதல் வரி. நாலாவது தடவை நண்பர் காலை எடுக்கவில்லை. சக்கரங்கள் ஒன்றிரண்டு நொடி சுற்றின. அப்புறம் முன்பக்கத்திலிருந்து 'டக டக டக' என்று ஒரு சத்தம். சுற்றிக்கொண்டிருந்த சக்கரங்கள் தயங்கின, மண்ணில் இருந்த சக்கரங்கள் மெல்லத் திரும்பின. வண்டி மேலே ஏறிவிட்டது.

நாலு சக்கரத்துக்கும் எஞ்சின் விசை போகும் இன்றைய ஃபோர் பை ஃபோர் வண்டிகள் கரடுமுரடான தடத்தை எப்படிக் கடக்கின்றன என்பதற்கு அந்த 'டக டக' சத்தத்திலேயே பாதி பதில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ராத்திரி நெலமங்கலா வழியாக மலைப் பக்கம் போகிற வண்டிகளில் தமிழ்ப் பாட்டுக் கேட்கிறவை நிறைய உண்டு. அவற்றை ஓட்டுகிறவர்கள் கையில் நல்ல இயந்திரம் இருக்கிறது. அது உள்ளே என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் வண்டியும் தப்பும், பாதையும் தப்பும்.

முதலில் டிஃபரன்ஷியலைப் புரிந்துகொள்ள வேண்டும். களத்தில் பிணையல் கட்டி மாடுகளைச் சுற்ற விடும்போது உள்ளே இருக்கும் மாடு மெதுவாக நடக்கும், வெளியே இருப்பது எட்டிப் போடும். இரண்டும் ஒரே வேகத்தில் நடந்தால் வட்டம் வராது. வண்டி வளைவில் திரும்பும்போதும் அப்படித்தான். வெளிச் சக்கரம் அதிக தூரம் உருள வேண்டும். இரண்டு சக்கரமும் ஒன்றோடொன்று இறுகாமல் வேறு வேறு வேகத்தில் உருள வழி செய்யும் பல்சக்கரக் கூட்டம்தான் டிஃபரன்ஷியல்.

தார்ச்சாலையில் இது வரம். சேற்றில் இதுவே சங்கடம். சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரங்களுக்கும் எப்போதும் ஒரே அளவு திருகுவிசையைத்தான் தரும். ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றால் அதைச் சுற்ற ஏறத்தாழ விசையே தேவையில்லை. அந்தச் சொற்ப விசைதான் தரையில் நிற்கிற சக்கரத்துக்கும் கிடைக்கும். வண்டி நகராது. எத்தனை குதிரைத்திறன் எஞ்சின் இருந்தாலும் பிடிப்பில்லாத சக்கரம் எவ்வளவு வாங்குகிறதோ அவ்வளவுதான் மற்றதற்கும். சேற்றில் மாட்டியவர் ஆக்சிலரேட்டரை மேலும் மேலும் மிதிப்பது பயனற்றுப் போவது இதனால்தான். சக்கரம் தன் குழியைத் தானே தோண்டிக்கொள்ளும், அவ்வளவுதான்.

இதற்குப் பழைய தீர்வு, டிஃபரன்ஷியலைப் பூட்டிவிடுவது. பூட்டிவிட்டால் இரண்டு சக்கரமும் ஒரே அச்சில் அடித்த மாதிரி சேர்ந்தே சுற்றும், பிடிப்புள்ள சக்கரம் தன்னால் முடிந்த அளவு இழுக்கும். ஃபோர்ஸ் கூர்க்காவில் முன்னும் பின்னும் இரண்டு பூட்டுகள் உண்டு, ஓட்டுபவரே போட்டு எடுக்க வேண்டும். மகிந்திரா தாரின் சில வகைகளில் பின் ஆக்சிலுக்கு, அதாவது பின் சக்கரங்களின் அச்சுக்கு, சக்கர வேகத்தில் பெரிய வித்தியாசம் வந்தால் தானே பூட்டிக்கொள்ளும் இயந்திரப் பூட்டு வருகிறது.

புதிய தீர்வு வேறு மாதிரி. தேர் இழுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். அத்தனை பேர் வடம் பிடித்து இழுத்தாலும், மூலையில் தேரைத் திருப்புகிறவர் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்தான். எந்தச் சக்கரத்துக்கு, எந்த நொடியில், எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். இன்றைய வண்டியில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு வேக உணரி உண்டு. ஒரு சக்கரம் மட்டும் கன்னாபின்னாவென்று சுற்றுகிறது என்று தெரிந்ததும், கம்ப்யூட்டர் அந்த ஒரு சக்கரத்தின் பிரேக்கை மட்டும் விட்டு விட்டு அழுத்துகிறது. டிஃபரன்ஷியலுக்கு அந்தப் பக்கம் இப்போது கனமாகிவிட்டது. இரண்டு பக்கமும் ஒரே விசை என்ற விதி மாறவில்லை. ஆனால் பிரேக் பிடித்த பக்கம் எவ்வளவு விசை கேட்கிறதோ அவ்வளவு விசை தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் போய்ச் சேர்கிறது. நாங்கள் கேட்ட 'டக டக' அந்த பிரேக் வால்வுகளின் சத்தம்.

இதற்கான கருவிகள் புதிதாக வந்து சேர்ந்தவை அல்ல. 1978இல் பாஷ் நிறுவனம் மெர்சிடிஸ் காருக்காகத் தந்த ஏபிஎஸ், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் பார்த்துக்கொள்ள வந்தது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஓர் உணரி, தனித்தனியாக இயங்கும் வால்வுகள் என்ற அந்த அடித்தளம் கிடைத்த பிறகு, அதையே திருப்பிப் போட்டுச் சுழலும் சக்கரத்தை அடக்கப் பயன்படுத்தினார்கள். இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் புதிய கார்களுக்கு ஏபிஎஸ் கட்டாயம். ஆக அந்த அடித்தளம் இன்று எல்லாப் புதிய கார்களிலும் இருக்கிறது. மாருதி ஜிம்னியில் இயந்திரப் பூட்டே கிடையாது. பிரேக் வழிப் பிடிப்பை நம்பியே அது மலையேறுகிறது, நன்றாகவே ஏறுகிறது.

இங்கேதான் நண்பர் தடுமாறியது. சக்கரம் சுற்றுவதைப் பார்த்த பிறகுதான் கம்ப்யூட்டர் வேலையை ஆரம்பிக்கும். முன்னால் இருக்கிற பள்ளம் அதற்குத் தெரியாது, நடந்துகொண்டிருக்கும் வழுக்கல்தான் தெரியும். அது வந்து கை கொடுக்கப்போகும் அந்த ஒரு நொடியில் நாம் பயந்து காலை எடுத்துவிட்டால், மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். ஓங்கி மிதிக்கவும் கூடாது, சட்டென்று விடவும் கூடாது. ஒரே அளவில் பிடித்துக்கொண்டு அதற்கு இரண்டு நொடி தர வேண்டும். பூட்டு உள்ள வண்டியை ஓட்டிப் பழகியவர்களும், எதையுமே ஓட்டிப் பழகாதவர்களும் தவறுகிற இடம் இது.

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் போகும் ஜீப்புகளில் ஏறியவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். அந்தப் பழைய வண்டிகளில் உணரியும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. அதே பாறைத் தடத்தில் ஒரு நாளைக்கு எத்தனையோ நடை போய் வருகின்றன. எப்படி? ஒரு காரணம் ஓட்டுநரின் கால். இன்னொன்று, வண்டியின் அடிப்பாகம். முன்னும் பின்னும் ஒரே துண்டாக இருக்கும் ஆக்சில். ஒரு பக்கச் சக்கரம் பாறையில் ஏறினால், தராசுத் தட்டு மாதிரி மறுபக்கச் சக்கரம் தரையை நோக்கி அழுத்தப்படும். அதனால் சக்கரம் எளிதில் அந்தரத்தில் நிற்பதில்லை. தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள புது வண்டிகள் சாலையில் சொகுசாகப் போகும். ஆனால் ஒரு சக்கரம் எழும்புவது மற்றதைக் கீழே தள்ளாது. அதனால் சீக்கிரம் சக்கரம் தூக்கும், தூக்கியதை எலக்ட்ரானிக்ஸ் வந்து சமாளிக்கும். ஜிம்னி இரண்டு ஆக்சிலையும் பழைய முறையிலேயே வைத்திருக்கிறது. தாரில் முன்னால் தனி சஸ்பென்ஷன், பின்னால் ஒரே ஆக்சில். இப்போதைய லேண்ட் ரோவர் டிஃபெண்டரில் நாலும் தனித்தனி.

கொழுக்குமலை ஓட்டுநரின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர் கண் பத்தடி முன்னால் இருக்கிற கல்லைப் படிக்கிறது. நான் மேலே சொன்ன கம்ப்யூட்டர் அப்படிப் படிப்பதில்லை. ஆனால் அவருக்கு இருப்பது ஒரே ஒரு பிரேக் பெடல். மிதித்தால் நாலு சக்கரத்துக்கும் சேர்ந்துதான் போகும். ஒரு சக்கரத்தை மட்டும் பிடித்து மற்ற மூன்றை விடுவது எந்த மனிதக் காலாலும் ஆகாது. கம்ப்யூட்டரிடம் நாலு பெடல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். 2024இல் வந்த தார் ராக்ஸில் இதை இன்னொரு வேலைக்கும் பயன்படுத்துகிறார்கள். குறுகிய திருப்பத்தில் உள்பக்கப் பின் சக்கரத்தைப் பிடித்து நிறுத்திவிட்டால் வண்டி அதைச் சுற்றிச் சுருக்கமாகத் திரும்பிவிடும். மாடவீதி மூலையில் முட்டுக்கட்டை போடுகிறவர் செய்வது அப்படியே இதுதான்.

அடுத்தது லோ கியர். ஃபோர் பை ஃபோர் என்ற பட்டை ஒட்டியிருக்கும் வண்டியை வாங்கும்முன் நான் முதலில் பார்ப்பது, அதில் லோ இருக்கிறதா என்றுதான். டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற பெட்டிக்குள் இன்னொரு ஜோடி பல்சக்கரம் இருக்கும். அது வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டும். ஜிம்னியில் ஏறத்தாழ 2 மடங்கு, ஜீப் ராங்ளர் ரூபிகானில் 4 மடங்கு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முதல் கியர், லோ, ஆக்சில் மூன்றின் குறைப்பையும் பெருக்கினால் 40 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று சும்மா ஓடினால் சக்கரம் 20 சுற்றுதான் சுற்றும். டயரின் சுற்றளவு 2.3 மீட்டர் என்றால் நிமிடத்துக்கு 46 மீட்டர், மணிக்கு 3 கிலோமீட்டருக்கும் கீழே. பேரனோடு பூங்காவில் நடக்கும் தாத்தாவின் வேகம். அந்த வேகத்தில் ஆக்சிலரேட்டரைத் தொடாமலே வண்டி பாறை மேல் ஏறி இறங்கும்.

லோ இல்லாமல் அதே பாறையில் ஏறுகிறவர் பாதி கிளட்ச்சில் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறார். திங்கட்கிழமை மேஸ்திரி அண்ணனின் பட்டறைக்குப் போனால் கருகிய கிளட்ச் பிளேட் வாடை வாசலிலேயே வரும்.

இறக்கத்தில் லோ இன்னும் பெரிய துணை. முதல் கியரில் போட்டு, கிளட்ச்சைத் தொடாமல் விட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை அழுத்தி இறங்கினால் ஈர மண்ணில் சக்கரம் வழுக்கப் பார்க்கும், வழுக்கும் சக்கரம் ஸ்டியரிங்குக்குக் கட்டுப்படாது. 1997இல் லேண்ட் ரோவர் ஃப்ரீலாண்டரில் லோ கியர் வைக்கவில்லை. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் சரிவில் தானாகவே பிரேக் பிடித்து இறக்கும் வசதியை அதில் கொண்டுவந்தார்கள். இன்று அது பல வண்டிகளில் ஒரு பொத்தானாக இருக்கிறது. நல்ல வசதிதான். ஆனால் நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடாகும். அதனால் லோ உள்ள வண்டியில் முதலில் லோவைப் போடுங்கள், பொத்தான் அதற்குத் துணையாக இருக்கட்டும்.

பிரேக் சூடு மேலே சொன்ன 'டக டக'வுக்கும் பொருந்தும். ஏற்றத்தில் விடாமல் அதையே நம்பினால் கொஞ்ச நேரத்தில் வண்டி தானே அந்த உதவியை நிறுத்திக்கொள்ளும். இயந்திரப் பூட்டுக்கு அந்தக் களைப்பு இல்லை. அதே நேரம் பூட்டுக்கு வேறொரு ஆபத்து உண்டு, இதை விளம்பரங்களில் சொல்ல மாட்டார்கள். பக்கவாட்டில் சரிந்த ஈரத் தடத்தில் பூட்டைப் போட்டுப் போனால் இரண்டு சக்கரமும் சேர்ந்து வழுக்கும், வண்டியின் பின்பாகம் பள்ளப் பக்கமாக நகர ஆரம்பிக்கும். பூட்டாமல் இருந்தால் ஒன்று சுற்றினாலும் மற்றது அங்கேயே பிடித்து நிற்கும். குடகில் மழைக்காலச் செம்மண் தடங்கள் பெரும்பாலும் இப்படிச் சரிந்தவைதான். எனவே பூட்டு இருக்கிறது என்பதற்காக எப்போதும் போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

ஃபோர் ஹை, அதாவது லோ போடாமல் நாலு சக்கரத்தையும் இயக்கும் நிலை, அந்த விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், இதில்தான் அதிகப் பணம் வீணாகிறது. தார், ஜிம்னி போன்ற வண்டிகளில் நாலு சக்கர இயக்கத்தைப் போட்டால் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் இறுகப் பிணைந்துவிடும், நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீண்ட வளைவில் போக வேண்டும். மண்ணிலும் சரளையிலும் அந்த வித்தியாசம் வழுக்கலில் கரைந்துவிடும். காய்ந்த தார்ச்சாலையில் வழுக்க இடமில்லை, எல்லாம் ஷாஃப்டிலும் பல்சக்கரத்திலும் முறுக்காகச் சேரும். எனக்குத் தெரிந்த ஒருவர் லீவரை மாற்ற மறந்து ஹாசன் சாலையில் கணிசமான தூரம் வந்தார். ஸ்டியரிங் கனமாக இருக்கிறது, பெட்ரோல் பங்கில் திரும்பும்போது யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போல இருக்கிறது என்றார். லீவர் அசையவே மறுத்தது. வண்டியைக் கொஞ்சம் பின்னுக்கு எடுத்து முறுக்கைத் தளர்த்திய பிறகுதான் இரண்டு சக்கர இயக்கத்துக்கு வந்தது. ஆல் வீல் டிரைவ் என்று விற்கும் நகர எஸ்யூவிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. நடுவில் ஒரு கிளட்ச் வழுக்கிக் கொடுக்கும். ஆனால் ஆழமான சேற்றில் அதே கிளட்ச் சூடேறிக் கை விரித்துவிடும்.

எலக்ட்ரானிக்ஸ் எவ்வளவு வந்தாலும் இரும்பின் வடிவத்தை அது மாற்றாது. ஜிம்னியின் மூன்று கதவு வண்டியில் இரண்டு அச்சுக்கும் இடையே 2,250 மில்லிமீட்டர். இந்தியாவில் 2023இல் வந்த ஐந்து கதவு வண்டியில் 2,590. அந்த 340 மில்லிமீட்டர் நீளத்தால், மேட்டின் உச்சியில் வயிறு தட்டாமல் கடக்கக்கூடிய கோணம் 28 டிகிரியிலிருந்து 24 டிகிரியாகக் குறைந்தது. பின் சீட்டில் வசதியாக உட்கார்வதற்குக் கொடுத்த விலை அது. மறுபக்கம் ஏறத்தாழ 1,200 கிலோ எடைதான் அதன் பலம். கனமான வண்டி புதையும் சேற்றில் அது மிதந்தது போலக் கடந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

தண்ணீரைப் பற்றி மட்டும் கறாராக இருங்கள். தார் 650 மில்லிமீட்டர், கூர்க்கா 700, டிஃபெண்டர் 900 என்று ஆழம் சொல்வார்கள். அது தேங்கி நிற்கும் தண்ணீருக்கு. ஓடும் தண்ணீர் இரண்டடி இருந்தாலே பெரிய எஸ்யூவியையும் நகர்த்திவிடும். இறங்கி, கம்பால் ஆழம் பார்த்து, நடந்து கடக்க முடியாத ஓடையில் வண்டியை விடவே கூடாது. காற்று உறிஞ்சும் வழியில் தண்ணீர் ஏறி எஞ்சினுக்குள் போனால், தண்ணீரைப் பிஸ்டனால் நசுக்க முடியாது, இணைப்புக் கம்பி வளைந்துவிடும்.

இத்தனையும் சொன்ன பிறகு, மிக மலிவான உதவி டயர்க் காற்றை இறக்குவதுதான். வழக்கமாக 32 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வைத்திருப்பதை மண்ணிலும் பாறையிலும் 20 சொச்சத்துக்கு, மணலில் 18க்கு இறக்கினால் டயர் தரையில் பதியும் இடம் நீளமாகும். கல்லின் மேல் டயர் உருண்டு வழுக்காமல் அதைக் கவ்விக்கொள்ளும். 15க்கும் கீழே போனால் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவரப் பார்க்கும். அன்று தோட்டத்தில் மேஸ்திரி அண்ணன் முதலில் செய்ததும் அதுதான். "டயருக்குக் காற்று நிறைய, மண்ணுக்குப் பிடி கம்மி, தம்பி" என்றார், வால்வில் குச்சியை வைத்து அழுத்தியபடியே. திரும்பும்போது காற்று அடிக்கும் பம்ப்பு கையில் இருக்க வேண்டும். காற்று குறைந்த டயரோடு நெடுஞ்சாலையில் வேகமாகப் போவது டயரைச் சூடாக்கி வெடிக்க வைக்கும்.

எலக்ட்ரிக் வண்டிகள் இந்தக் கதையை வேறு திசைக்குக் கொண்டுபோகின்றன. மெர்சிடிஸ் ஜி 580இல் சக்கரத்துக்கு ஒன்றாக நாலு மோட்டார்கள். எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு விசை என்பதை நேராகவே கொடுக்கலாம், ஒன்றைப் பிடித்து மற்றதற்குக் கொடுக்கும் சுற்றுவழி தேவையில்லை. டிஃபரன்ஷியல் என்ற பிரச்சினையே அங்கே இல்லை. விலை நம்மில் பலருக்கு எட்டாத உயரம். ஆனால் ஏபிஎஸ்ஸும் ஒரு காலத்தில் அந்த உயரத்தில்தான் இருந்தது.

எனக்கு இந்தப் புதிய முறைகள் மேல் அக்கறை வர ஒரு காரணம் உண்டு. மடிக்கேரியிலிருந்து மாந்தல்பட்டிக்கு ஜீப்பில் போனவர்கள் அந்தப் பாதையைப் பார்த்திருப்பார்கள். சுழலும் சக்கரம் மண்ணைத் தோண்டும், தோண்டிய தடத்தில் அடுத்த மழையின் தண்ணீர் ஓடும், ஓடை ஆழமாகும், அடுத்த வண்டி அதைத் தவிர்க்கப் பக்கத்துப் புல்மேட்டில் ஏறும். தடம் அகன்றுகொண்டே போகும். மலைச் சரிவின் புல்வெளி ஒரு முறை போனால் எளிதில் திரும்பி வளராது. சுற்றாமல் பிடித்து ஏறுகிற சக்கரம் இந்த அழிவைப் பெரிய அளவில் குறைக்கிறது. காட்டுக்குள் அனுமதி இல்லாத இடத்தில் நுழைவதற்கு எந்த நல்ல வண்டியும் காரணம் ஆகாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்தப் பயணம் முடிந்து இரண்டு நாள் கழித்து நண்பரின் வண்டி பட்டறைக்கு வந்தது. ஏபிஎஸ் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. மேஸ்திரி அண்ணன் முன் சக்கரத்தைக் கழற்றி, உள்பக்கம் விரல் கனத்தில் இருந்த ஒரு கறுப்பு உருளையைக் காட்டினார். அதுதான் வேக உணரி. சக்லேஷ்பூர் செம்மண் காய்ந்து அதன் மேல் செங்கல்லாக அப்பியிருந்தது. நண்பர் கவலையோடு, "இது மாத்தணுமா அண்ணா?" என்று கேட்டார். அண்ணன் பதில் சொல்லவில்லை. ஒரு குவளைத் தண்ணீரும் பழைய பல் துலக்கும் பிரஷும் எடுத்துவரச் சொல்லி, குத்துக்காலிட்டு உட்கார்ந்து மண்ணைத் தேய்க்க ஆரம்பித்தார். கால் மணி நேரம் ஆனது. சக்கரத்தை மாட்டி வண்டியை எடுத்துத் தெருமுனை வரை போய்த் திரும்பியபோது விளக்கு அணைந்திருந்தது.